மோட்டார்ப் பிரியரும் விமானப் பிரியரும்: இரண்டு இயந்திரங்களைப் பற்றிய ஒரு பாடம்

மோட்டார் வண்டியினிடத்துப் பற்றுக் கொண்டோர் பலர் ஆகாய விமானத்தினிடத்தும் அதே பற்றுக் கொண்டிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். காலையில் தம் காரின் எஞ்சின் மூடியைத் திறந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பவரே, மாலையில் பறத்தற் கழகத்தின் வேலியோரம் நின்று, இறங்கும் விமானத்தின் ஒலியை வைத்தே அதன் எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று சொல்லிவிடுகிறார். இது தற்செயலான சேர்க்கையன்று. காரும் சிறு விமானமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே எரித்து, அவ்வெப்பத்தை இயக்கமாக மாற்றும் உள்ளெரி எஞ்சின் தோன்றியதனாலேயே இரண்டும் பிறந்தன.

ஆயினும் உடன்பிறந்தோர் இருவர் குணத்தாலும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது கட்டாயமில்லை. காரை நன்கறிந்தவர் விமானத்தைப் பாதி அறிந்தவராகிறார் என்பது உண்மை. மற்றப் பாதியையும் அறிந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. இக்கட்டுரை அந்த மற்றப் பாதியைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளிகளில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஜீப், பம்பு, மின்னாக்கி முதலியவற்றின் எஞ்சின்களை நாள்தோறும் கையாளும் களப் பணியாளர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

சாலையிலிருந்து வானத்துக்கு

வில்பர், ஆர்வில் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள் என்பது யாவரும் அறிந்தது. அவர்கள் முதலில் மோட்டார் எஞ்சின் செய்யும் கம்பெனிகள் பலவற்றுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள் என்பதும், வேண்டிய அளவு இலேசான எஞ்சின் எவரிடமும் கிடைக்கவில்லை என்பதும் அவ்வளவாக அறியப்படாத செய்திகள். முடிவில் அவர்களுடைய கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் என்பவர் ஏறக்குறைய ஆறு வாரங்களில் ஓர் எஞ்சினைச் செய்து முடித்தார். அதன் திறன் 12 குதிரைத் திறன். எடையோ ஏறக்குறைய 82 கிலோகிராம். அதாவது ஒரு குதிரைத் திறனுக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம். 1903 டிசம்பர் 17ஆம் நாள் முதன்முறை பறந்தபோது அவ்விமானம் 12 விநாடி நேரமே காற்றில் நின்றது.

ஐரோப்பாவில் மோட்டார்ப் பந்தயக்காரர்களே விமானத்தின் முதல் அன்பர்களாயினர். பந்தயக் கார் ஓட்டிப் பெயர் பெற்ற ஆன்றி ஃபார்மன் 1908 ஜனவரி 13ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த இசி மைதானத்தில் ஒரு கிலோமீட்டர் வட்டத்தைப் பறந்து முடித்து, 50,000 பிராங்க் பரிசு பெற்றார். லூயி பிளேரியோ கார்களுக்கு விளக்குச் செய்து விற்றவர். அவ்வியாபாரத்தில் வந்த பணத்தையெல்லாம் விமானங்களிற் செலவிட்டார். 1909 ஜூலை 25ஆம் நாள் அவர் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தபோது விமானத்தில் இருந்தது, மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குப் பேர்போன அன்சானி என்பார் செய்த 25 குதிரைத் திறன் எஞ்சின். ஏறத்தாழ 37 நிமிடங்கள் அது நிற்காமல் ஓடியதே அக்காலத்தில் ஒரு சாதனை. அமெரிக்காவில் இண்டியனாபொலிஸ் பந்தயங்களில் கார் ஓட்டிய எட்டி ரிக்கன்பேக்கர் முதல் உலகப் போரில் 26 வெற்றிகள் கண்ட விமானியானார். போருக்குப் பின் தம் பெயரால் கார் செய்தார். பிறகு ஒரு பெரிய விமானக் கம்பெனியின் தலைவரானார்.

ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் கார் நினைவுக்கு வரும். அப்பெயரின் முற்பாதிக்கு உரிய சார்ல்ஸ் ரோல்ஸ், கார் விற்றவர், பலூனிற் பறந்தவர், பிறகு விமானம் கற்றவர். 1910 ஜூன் மாதம் கால்வாயைக் கடந்து, இறங்காமலே திரும்பியும் வந்தார். அடுத்த மாதம், ஜூலை 12ஆம் நாள், போர்ன்மத் நகரத்து விமானக் காட்சியில் அவர் விமானத்தின் வாற்பகுதி முறிந்து விழுந்தது. எஞ்சின் விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டானியர் அவரே, வயது 32. பிற்பாதிக்கு உரிய ஹென்றி ராய்ஸ் முதல் உலகப் போரின்போது ஈகிள் என்னும் விமான எஞ்சினை வகுத்தார். 1919 ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக் பெருங்கடலை இறங்காது கடந்த விமானத்தில் இருந்தவை அவ்வகை எஞ்சின்கள் இரண்டு.

நம் நாட்டிலும் இத்தொடர்பு பழமையானதே. சென்னையில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பார், குதிரை வண்டியும் மோட்டார் வண்டியும் கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டே ஒரு விமானம் கட்டுவித்து, 1910இல் பல்லாவரத்தில் அதைச் சோதித்தார். 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்தே, 1944இல் பம்பாயில் பிரீமியர் மோட்டார்த் தொழிற்சாலையையும் நிறுவினார்.

எனினும் இந்தியாவில் இவ்விரு பற்றும் ஒருவரிடம் முழுமையாகக் கூடியிருந்ததற்கு ஜே. ஆர். டி. டாட்டாவைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இளமையில் புகாட்டி கார் வைத்து வேகமாக ஓட்டியவர். பிரான்சில் ஹார்டலோ கடற்கரையில் அவர் குடும்பத்தின் விடுமுறை வீடு, பிளேரியோவின் வீட்டுக்கு அருகே இருந்தது. விமானங்கள் மணலில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தார். 1929 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் எண் விமானி உரிமச் சீட்டைப் பெற்றார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலை ஏற்றிக்கொண்டு பஸ் மாத் என்னும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1982இல், 78ஆம் வயதில், அவ்வழியே மீண்டும் ஒருமுறை சிறு விமானத்தை ஓட்டினார்.

இவர் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி நம் பாடத்துக்கு நேரே பொருந்துவது. 1930ஆம் ஆண்டு, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுன் பரிசு அறிவித்திருந்தார். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார்; பதினேழு வயதுள்ள ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார். எகிப்தில் அபூக்கீர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பி அங்கே மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுவிட்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்த உபரிப் பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி புறப்பட்டுப் போய்ச் சில மணி நேர வித்தியாசத்தில் பரிசை வென்றார். அவரே பின்னாளில், 1960இல், இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். கார் ஓட்டி வளர்ந்த எவர்க்கும் பிளக் என்பது கடையில் வாங்கும் சிறு பொருள். பாலைவனத்து ஓரத்தில் அது ஒரு பரிசைத் தீர்மானித்தது. கடலுக்கு மேலே பறக்கையில் அது உயிரையே தீர்மானிக்கும்.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்

காரில் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் வண்டி குலுங்கும். ஓரமாக நிறுத்தி மூடியைத் திறக்கலாம். வானத்தில் ஓரம் என்பது இல்லை. ஆகவே சிறு விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள், அவற்றுக்கு மின்பொறி தர ஒன்றையொன்று சாராத இரண்டு மாக்னெட்டோக்கள். நான்கு சிலிண்டருக்கு எட்டுப் பிளக்கு என்ற கணக்கு இதனால் வந்தது. கலவை இருபுறத்திலிருந்தும் தீப்பற்றுவதால் விரைந்தும் சீராகவும் எரிகிறது என்பது இதனால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம்.

மாக்னெட்டோ என்பது எஞ்சினே சுழற்றும் ஒரு சிறு மின்னாக்கி. காந்தம் சுழலக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதற்குப் பாட்டரி வேண்டுவதில்லை. விமானத்தின் பாட்டரி முற்றிலும் இறந்துபோனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். இதுவரை கேட்ட மாணவர் ‘நல்ல ஏற்பாடு’ என்பர். இனிச் சொல்லப்போவதை அவர்கள் ஊன்றிக் கேட்டல் வேண்டும்.

காரில் சாவியைத் திருப்பி அணைத்தால் மின்சுற்று அறுபடுகிறது, பொறி நிற்கிறது. எனவே காரில் ஒரு கம்பி அறுந்தால் எஞ்சின் அணையும். மாக்னெட்டோவில் நிலைமை தலைகீழ். அங்கே சுவிட்சை அணைப்பது என்றால், மாக்னெட்டோவின் மின்சாரத்தை எஞ்சினின் உடலுக்கு, அதாவது ‘எர்த்’துக்கு, வழிவிடுவது. அவ்வழிவிடும் கம்பி அறுந்துபோனால் சுவிட்ச் ‘அணைப்பு’ என்று காட்டும், மாக்னெட்டோ உயிரோடிருக்கும். அந்நிலையில் நின்றிருக்கும் விமானத்தின் உந்து விசிறியை யாரேனும் கையால் சற்றே திருப்பினால், சிலிண்டரில் எஞ்சியிருக்கும் பெட்ரோல் ஆவி பற்றி எஞ்சின் ஓர் உதை உதைக்கலாம். அவ்வுதை ஒன்று போதும். கார் எஞ்சினின் விசிறியைக் கையால் தள்ளிப் பழகிய மெக்கானிக் ஒருவர், அதே பழக்கத்தில் விமானத்தின் விசிறியில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. சுவிட்ச் எந்நிலையில் இருப்பினும் உந்து விசிறியை உயிருள்ளதாகவே கொள்ளல் வேண்டும் என்பது விமானத் தளங்களில் வழங்கும் விதி.

பறக்கு முன் விமானி இதைச் சோதிக்கும் முறையும் கற்கத்தக்கது. எஞ்சினை ஓரளவு வேகத்தில் ஓடவிட்டு ஒரு மாக்னெட்டோவை மட்டும் அணைக்கிறார். சுற்றுகள் சிறிது குறைய வேண்டும். மிகுதியாகக் குறைந்தால் மற்ற மாக்னெட்டோவிலோ அதன் பிளக்குகளிலோ பழுது. சற்றும் குறையாவிட்டால்? புதியவர்கள் ‘எஞ்சின் மிக நன்றாயிருக்கிறது’ என்று மகிழ்வார்கள். உண்மையில் அந்த மாக்னெட்டோ அணையவேயில்லை. வழிவிடுங் கம்பி அறுந்திருக்கலாம் என்று பொருள். குறைவதே நலத்தின் அடையாளம்.

விசிறிமுனையின் வேகம்

கார் எஞ்சினை எடுத்து விமானத்தில் வைத்தால் என்ன என்ற கேள்வி மோட்டார்ப் பிரியர் எல்லோருக்கும் ஒருநாள் வருவது. வைத்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்பால் என்பார் 1920களின் இறுதியில் ஃபோர்டு ‘ஏ’ மாடல் காரின் 40 குதிரைத் திறன் எஞ்சினை வைத்தே ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். காற்றால் குளிரும் வோக்ஸ்வாகன் எஞ்சின், வீட்டிலேயே விமானம் கட்டுவோர் பலருக்குக் கைகொடுத்தது.

தடை எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆசிரியர் இதைக் கரும்பலகையிற் போடலாம். உந்து விசிறியின் விட்டம் 1.8 மீட்டர் எனக் கொள்வோம். ஒரு சுற்றில் அதன் முனை செல்லும் தொலைவு 3.14 × 1.8, அதாவது ஏறத்தாழ 5.65 மீட்டர். நிமிடத்திற்கு 2,700 சுற்று என்றால் விநாடிக்கு 45 சுற்று. முனையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 254 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர், எனவே குற்றமில்லை. இக்காலக் கார் எஞ்சின் தன் முழுத் திறனைத் தருவது நிமிடத்திற்கு 5,000, 6,000 சுற்றுகளில். 5,400 சுற்றில் அதே விசிறியை நேரே மாட்டினால் முனையின் வேகம் விநாடிக்கு 509 மீட்டராகும். ஒலி வேகத்தைத் தாண்டும் முனை காற்றில் அதிர்வலைகளை எழுப்பி, எஞ்சினின் உழைப்பைத் தள்ளுவிசையாக்காமல் இரைச்சலாகவே வீணாக்கிவிடும். ஆதலால் வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே வேகம் குறைக்கும் பற்சக்கரம் வேண்டும். இன்று இலேசான விமானங்களில் மிகுதியாக வழங்கும் ரோட்டாக்ஸ் 912 வகையில், 100 குதிரைத் திறனுள்ள எஞ்சின் 5,800 சுற்றில் ஓட, 2.43க்கு ஒன்று என்ற விகிதத்தில் குறைத்து, விசிறிக்கு 2,387 சுற்றே கொடுக்கப்படுகிறது.

மற்றொன்று: கார் எஞ்சின் சோம்பேறி. சமதரைச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அது தன் திறனில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது. விமான எஞ்சினோ புறப்படும்போது முழுத் திறனிலும், பிறகு மணிக்கணக்காக முக்கால் பங்கு திறனிலும் உழைக்கிறது. பம்புசெட்டு எஞ்சினைப் பராமரிக்கும் களப் பணியாளர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. நாள் முழுதும் சுமையோடு ஓடும் எஞ்சினின் எண்ணெயும் வால்வும் என்ன பாடுபடும் என்பது அவர் கண்டதே.

கோடையில் உறையும் கார்புரேட்டர்

வெப்ப நாட்டில் பனிக்கட்டி எஞ்சினை நிறுத்தும் என்றால் மாணவர் நம்பமாட்டார்கள். ஆனால் அது நடக்கக்கூடியதே. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்கிறது. அங்கே அதன் அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் பறித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கும் மேலாக வெப்பநிலையை இறக்கிவிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில், வெளியே 20 அல்லது 25 டிகிரி இருக்கும்போதே கழுத்துக்குள் நீராவி உறைந்து காற்றுப் பாதையை அடைக்கத் தொடங்கும். மழை ஓய்ந்த காலை, கடற்கரையோரம், மலைச்சரிவில் மேகம் தங்கும் பொழுது ஆகியவை இதற்கு உகந்த வேளைகள்.

கையின் பின்புறத்தில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவி ஊதச் சொன்னால் இதன் முதற் காரணத்தை மாணவர் தம் தோலாலேயே அறிவர்.

காரில் உறிஞ்சு குழாய் வெப்பமான புகை போக்குக் குழாயை ஒட்டி அமைவதால் இத்தொல்லை அரிது. விமானத்தில், புகைக் குழாயைச் சுற்றிவந்த வெப்பக் காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் ஒரு கைப்பிடி தனியே உண்டு. அதை இழுத்தவுடன் பனி உருகி நீராகி எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் இருமும், குலுங்கும். காரோட்டிப் பழகியவர் ‘ஏதோ கெட்டது செய்துவிட்டோம்’ என்று அஞ்சிக் கைப்பிடியை மீண்டும் தள்ளிவிடுகிறார். தள்ளக்கூடாது, சற்றுப் பொறுத்தால் எஞ்சின் தெளிந்துவிடும்.

உயரத்தில் காற்று மெலிவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய கார்புரேட்டர்க் கார் உதகமண்டலம் ஏறுகையில் இழுக்கமாட்டாமல் கறும்புகை விடுவதைப் பலர் கண்டிருப்பர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. பெட்ரோல் மட்டும் முன்போலவே வருகிறது. விமானியிடம் கலவையை மெலிவாக்கும் கைப்பிடி இருக்கிறது. உயரே போகும்போது அவரே அதைத் திருத்திக்கொள்கிறார்.

‘ஸ்டால்’ என்ற சொல்

இனி, உயிரோடு தொடர்புள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சின் அணைந்துவிட்டால் ‘வண்டி ஸ்டால் ஆயிற்று’ என்று ஓட்டுநர் சொல்கிறார். விமானிகளும் ‘ஸ்டால்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று கருதி, விமானத்தின் ஸ்டாலை ‘எஞ்சின் நின்றுபோதல்’ என்று எழுதிய பாடக் குறிப்புகளும் உண்டு. இதைக் காட்டிலும் தீங்கான மொழிபெயர்ப்பு வேறில்லை. விமான ஸ்டாலுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. எஞ்சின் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் அது நேரும். எஞ்சினே இல்லாத கிளைடரிலும் நேரும். தமிழில் அதைத் ‘தூக்கிழப்பு’ என்று சொன்னால் குழப்பம் வராது.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைத் தாக்குகோணம் என்கிறோம். அக்கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும். ஆனால் ஏறக்குறைய 15, 16 டிகிரியைத் தாண்டியதும் இறக்கையின் மேற்புறத்தில் ஒட்டி ஓடிவந்த காற்று, ஒட்டமாட்டாமல் பிரிந்து சுழல்கிறது. தூக்குவிசை திடீரென்று விழுகிறது. மூக்கு கீழே சரிகிறது. பயிலாத மனிதனின் கை அப்போது என்ன செய்யும்? மூக்கை உயர்த்தப் பிடியைத் தன்பக்கம் இழுக்கும். இழுக்க இழுக்கக் கோணம் மேலும் கூடும். தூக்கிழப்பு மேலும் ஆழும். செய்யவேண்டியது அதற்கு நேர்மாறானது: தரை நோக்கி விழும் விமானத்தின் மூக்கை மேலும் தரை நோக்கித் தள்ளுவது. கோணம் குறைந்ததும் காற்று மீண்டும் இறக்கையில் ஒட்டிக்கொள்ளும். ‘எஞ்சின் நின்றுபோதல்’ என்று படித்த மாணவன் இதை எங்ஙனம் ஊகிப்பான்? அவன் கை எஞ்சின் சுவிட்சைத் தேடும்.

காரோட்டியின் இன்னொரு பழக்கமும் இங்கே வந்து சேர்கிறது. ‘வளைவில் வேகத்தைக் குறை’ என்பது சாலையின் முதற் பாடம். கார், டயர் சாலையைப் பற்றுவதால் திரும்புகிறது. வேகம் மிகுந்தால் பற்று விட்டுவிடும். விமானத்துக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அது ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு கூறு அதைப் பக்கவாட்டில் இழுப்பதால் திரும்புகிறது. உயரம் இழக்காமல் திரும்ப வேண்டுமானால், மிஞ்சியுள்ள கூறே முழு எடையையும் தாங்கவேண்டும். எனவே மொத்தத் தூக்குவிசை கூடவேண்டும். 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது இறக்கை எடையைப் போல் இரண்டு மடங்கைத் தாங்குகிறது. தூக்கிழக்கும் வேகம் இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.41 மடங்கு, உயர்கிறது. நேரே பறக்கையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் தூக்கிழக்கும் விமானம், அத்தகைய திருப்பத்தில் 113 கிலோமீட்டரிலேயே தூக்கிழந்துவிடும். வளைவில் வேகத்தைக் குறைக்கும் கை, விமானத்தை எல்லைக்கு அருகே கொண்டுபோகிறது.

ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்புகையில் இது மிகவும் அஞ்சத்தக்கது. விமானம் மெதுவாக, தாழ்வாக இருக்கிறது. பாதையின் நேர்கோட்டைச் சற்றுத் தாண்டிவிட்டதாக விமானி காண்கிறார். காரில் ஸ்டீரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிப்பது போல, சுக்கான் மிதியை அழுத்தி மூக்கைத் திருப்பப் பார்க்கிறார். கூடவே பிடியையும் இழுக்கிறார். உள்பக்க இறக்கை முதலில் தூக்கிழக்கிறது. விமானம் சுழன்று விழத் தொடங்குகிறது. மீட்பதற்கு வேண்டிய உயரம் அங்கே இல்லை. தாண்டியது தாண்டியதுதான் என்று விட்டுவிட்டு, த்ராட்டிலை முழுதும் திறந்து, மேலேறி மறுபடியும் சுற்றி வருவதே தக்கது. காரோட்டிக்கு இது தோல்வியாகத் தோன்றலாம். நல்ல விமானிகள் வெட்கமின்றி அதைச் செய்கிறார்கள்.

சுக்கான் மிதிகளைப் பற்றி ஒரு சிறு விந்தை: இடது காலை அழுத்தினால் விமானம் இடப்புறம் திரும்பும். சைக்கிள் கைப்பிடியின் இடது நுனியை முன்னே தள்ளினால் வலப்புறம் அல்லவா திரும்பும்? சைக்கிளும் காரும் ஓட்டிப் பழகியவர்கள் தரையில் ஓடும் விமானத்தைக் கையிலுள்ள சக்கரத்தைத் திருப்பித் திருப்ப முயல்வதும், அது பொருட்படுத்தாமல் நேரே போவதும், பயிற்சியாளர்கள் நாள்தோறும் காணும் வேடிக்கை.

எஞ்சின் உண்மையாகவே நின்றால் என்ன ஆகும் என்று மாணவர் கேட்பர். கல்லைப்போல் விழாது. சிறு விமானம் ஒன்று அமைதியான காற்றில் தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு தொலைவு சறுக்கிச் செல்லும். 1,000 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால் 9 கிலோமீட்டருக்குள் ஒரு வெட்டவெளியைத் தேடிக்கொள்ளலாம். 200 மீட்டரில் நின்றால் 1.8 கிலோமீட்டர்தான். புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றுவிட்டால் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல் எதிரே உள்ள இடத்திலேயே இறங்க வேண்டும் என்று கற்பிப்பது இக்கணக்கினாலேதான்.

பெட்ரோல்

கடைசியாக, இரு பற்றும் உடையோர் இன்று மிகக் கவனமாக இருக்கவேண்டிய பொருள் பெட்ரோல். விமானத்துக்கென்றே விற்கப்படும் நீல நிறப் பெட்ரோல் விலை மிகுந்தது. எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. அழுத்த விகிதம் குறைந்த சில எஞ்சின்கள் கார் பெட்ரோலிலும் ஓடும். ஆகவே காருக்குப் போடுவதையே விமானத்துக்கும் போட்டால் என்ன என்று தோன்றும். நம் நாட்டில் இப்போது கார் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். உயரே குளிரில் அந்நீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கி, எஞ்சினுக்குள் போகும். பழைய விமானங்களின் ரப்பர் வளையங்களையும் தொட்டிப் பூச்சுகளையும் எத்தனால் கெடுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல், கலப்பில்லாத பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகக்கூடும் ஆதலால் குழாயில் ஆவி அடைப்பும் நேரலாம். எஞ்சின் செய்தோரும் விமானம் செய்தோரும் எழுத்தில் அனுமதித்திருந்தாலன்றி அதைப் பயன்படுத்தலாகாது.

பெட்ரோலில் எத்தனால் உண்டா என்று காண எளிய சோதனை ஒன்று உண்டு. களப் பணியாளர் எவரும் செய்யலாம். திறந்த வெளியில், அருகே நெருப்பு இல்லாமல் செய்தல் வேண்டும். அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் நீரை ஊற்றி மட்டத்தைக் குறித்துக்கொள்க. அதன்மேல் 90 மில்லிலிட்டர் பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, சில நிமிடம் அசையாமல் வைக்க. பெட்ரோல் மேலேயும் நீர் கீழேயும் பிரிந்து நிற்கும். எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்துவிடும் ஆதலால், கீழே உள்ள அடுக்கு குறியைவிட உயர்ந்திருந்தால் எத்தனால் உண்டு. மட்டம் குறியிலேயே நின்றால் இல்லை.